நானூற்றுப் பதினேழுக்கு இன்னொரு ஆள்

மனநோய்களின் நூலுக்குப் புதிய பதிப்பு வருகிற ஆண்டில், நீக்கப்பட்ட எண்களுக்குரிய நோய்களை மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஜில்லா ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட வேண்டும். பெரும்பாலும் மூடி போட்ட தூக்குவாளியில்தான் கொண்டுவருவார்கள். ஸ்டோர் கீப்பர் திறந்து பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, ரசீது கொடுப்பார். வாளியைக் கழுவித் திருப்பித் தந்துவிடுவார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒப்படைத்தவர்கள் நன்றாகத் தூங்குவார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள். சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தைக் காட்டி, இது யார் என்று மட்டும் சில சமயம் கேட்பார்கள்.

இந்த முறை பதிப்புக்கு முன்னால் டாக்டர்களின் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் மூன்று பேர். தலைமை டாக்டர் ஜெபராஜ் தன் அறைக்கு மற்ற இருவரையும் கூப்பிட்டு, உளுந்த வடை வாங்கிவரச் சொல்லிவிட்டு, முதல் கேள்வியைப் படித்தார். இப்போது அறுநூறு எண்கள் உள்ள நூலில் இனி எத்தனை இருக்கலாம்?

"அறுநூறு எதுக்கு? எனக்கு மனப்பாடமா இருக்கது முப்பது. மிச்சத்துக்கெல்லாம் 'மற்றவை'ன்னு எழுதியே ரிட்டயர் ஆகப்போறேன்" என்றார் ஜெபராஜ்.

இளையவரான டாக்டர் ஃபாரூக் பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "எண்ணே வேண்டாம் சார். எல்லா நோயும் எல்லார்கிட்டயும் இருக்கு. யாருக்கு எத்தனை அங்குலம்னு அளந்தாப் போதும்."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்று கேட்டுவிட்டு ஜெபராஜ் வடையைப் பிட்டார்.

மூன்றாமவள் வான்மதி. ஐம்பத்திரண்டு வயது, கணவன் இறந்து ஆறு வருஷம், ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் தனி வாசம். இந்த நூல் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் சொல்லப் பயன்படுகிறது, நோயாளியிடம் சொல்வதற்கு அதில் ஒரு வரியும் இல்லை என்று அவள் எழுதினாள். நூலை எழுதிய பெரியவர்கள் மனம் நோகுமே என்று 'பெரும்பாலும்' என்றொரு சொல்லைச் சேர்த்தாள். மூவரும் ஒத்துப்போனது வடை விஷயத்தில் மட்டும்தான்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், நீக்கப்படவிருக்கும் எண்களின் பட்டியல் இருந்தது. ஒரு ஜில்லாவில் இரண்டு பேராவது இல்லாத நோய் அந்த ஜில்லாவில் நோயே அல்ல என்பது புது விதி. தனிமரம் தோப்பாகாது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அவர்கள் கமிட்டி போட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். பட்டியலில் 417 இருந்தது: இறந்தவர் வீட்டு வேலை செய்யும் சத்தம் கேட்டல். ஜில்லாவில் அந்த நோய் உள்ளவர் சொரிமுத்து ஒருவர்தான்.

சொரிமுத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஒரே மகள் பிரம்மசக்தி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வீட்டு அடுக்களையில் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். பால் பாத்திரத்தைக் கடைசியாகத் தேய்ப்பாள். கரண்டியைத் தொட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். சொரிமுத்து அடுக்களைப் பக்கம் போவதில்லை, அவளிடம் எதுவும் கேட்பதும் இல்லை. நோயாளி தன் நோயிடம் கேள்வி கேட்கக் கூடாது, டாக்டர்தான் கேட்கலாம் என்று நூலின் முன்னுரையிலேயே போட்டிருக்கிறது.

விவரம் தெரிந்ததும் அவர் காலித் தூக்குவாளியோடு வான்மதியைப் பார்க்க வந்தார்.

"இதுக்குள்ள எப்படிம்மா அவளை அடைக்க?" என்றார். "எனக்குச் சொகமாக வேண்டாம் டாக்டரம்மா. அந்தச் சத்தம் இல்லன்னா எனக்குப் பிள்ளை இருந்தான்னே தெரியாமப் போயிரும்லா?"

வான்மதி பட்டியலை எடுத்துப் புது விதியை மறுபடி படித்தாள். இன்னொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். தன்னையே எழுதிக்கொள்ளலாமா என்று யோசித்தாள். ஆனால் அவள் கணவர் கதிரவன் உயிரோடு இருந்தபோதே ஒரு தம்ளரைக் கழுவியதில்லை. இறந்த பிறகு வந்து கழுவுகிறார் என்று எந்த முகத்தோடு எழுதுவது? ஆறு வருஷமாக அவள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இந்தக் கிழவர்மேல் அவளுக்கு ரொம்ப நாளாகப் பொறாமை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சொரிமுத்துதான் வழி சொன்னார். "பிள்ளை உங்க வீட்லயும் வந்து தேய்க்கட்டும். பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க. வேலைக்கு அஞ்சுதவ இல்ல அவ."

நோயைப் பங்கிட்டுக்கொள்ளப் பன்னிரண்டாம் படிவம் இருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் 417-க்கு வாரத்தில் நான்கு நாளாவது சத்தம் கேட்டிருக்க வேண்டும். ஆளுக்கு நான்கென்றால் எட்டு. வாரத்துக்கு ஏழுதான். வான்மதி அன்று முழுக்க இதையே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, கருத்துப் படிவத்தில் 'பிற' என்ற கட்டத்தில், இந்த ஜில்லாவில் வாரத்துக்கு எட்டு நாள் என்று எழுதினாள். ஜெபராஜ் படித்துப் பார்த்து, 'மற்றவை' என்று குறித்துக் கையெழுத்திட்டார்.

கமிட்டி ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் மாதக் காலண்டரில் வெள்ளிக்கும் சனிக்கும் நடுவே ஒரு தாள் கூடுதலாக வந்தது. அதற்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. ஜனங்கள் அன்றைக்குத் துணிமணி ஊறவைத்தார்கள், பல் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். ஞாயிறு முதல் புதன்வரை பிரம்மசக்தி அப்பா வீட்டில் தேய்த்தாள். வியாழன், வெள்ளி, பெயரில்லாத நாள், சனி ஆகிய நான்கும் வான்மதி வீட்டில்.

வான்மதிக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. நாலு மணிக்குள் வீடு திரும்ப ஆரம்பித்தாள். ஆனால் சொரிமுத்து மெலிந்துபோனார். வியாழக்கிழமை சாயங்காலங்களில் அவர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. மே மாதம் மருந்து வாங்க வந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எட்டு நாளும் தேய்க்காளே, ஒரு நாளாவது லீவு உண்டுமாம்மா அவளுக்கு?"

வான்மதிக்குச் சுருக்கென்றது. எண்ணைப் பிழைக்கவைக்கிற அவசரத்தில் அவள் இதை நினைக்கவே இல்லை.

அடுத்த பெயரில்லாத நாளில் அவள் மூன்று மணிக்கே தேய்க்கக் கிடந்த எல்லாப் பாத்திரங்களையும் தானே தேய்த்துக் கவிழ்த்தாள். பால் பாத்திரத்தையும் விடவில்லை. நாலு மணிக்குக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூடுகிற சத்தம். யாரோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அழுகை கேட்டது, தேம்பித் தேம்பி.

417-இல் அழுகை இல்லை. வான்மதி மேசையிலிருந்து புதிய கேஸ் தாள் ஒன்றை எடுத்துவந்து அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பெயர் பிரம்மசக்தி, வயது பத்தொன்பது, தகப்பனார் பெயர் சொரிமுத்து என்று எழுதினாள்.

"என்ன செய்யுது?" என்று எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"சத்தம் கேக்கு டாக்டர்."

"என்ன சத்தம்?"

"எங்கப்பா தனியா உக்காந்து சாப்பிடுதாவ. தண்ணிச் செம்பை அவுகளே எடுத்து வைக்காவ. தட்டை அவுகளே நகத்துதாவ. பாத்திரம் தேய்க்கையில அது கேக்காது. சும்மா இருந்தா கேக்கு."

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருசமா."

வான்மதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நூலைக் கொண்டுவந்து முதல் எண்ணிலிருந்து கடைசிவரை விரல் வைத்துத் தேடினாள். உயிரோடிருப்பவர் தனியாகச் சாப்பிடும் சத்தம் இறந்தவருக்குக் கேட்டல் என்று எங்கும் இல்லை. புதிதாக ஓர் எண் கேட்டு எழுதலாம், இடமிருந்தது. நாள் கணக்கும் சரியாக வந்தது. ஆனால் விதி விதிதான். இறந்தவர்களில் இன்னொரு ஆள் வேண்டும்.

அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, கதிரவன் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு தட்டைப் போட்டு, மத்தியானச் சோற்றைப் பரிமாறிக்கொண்டாள். பசி இல்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து, கொஞ்சம் சத்தமாகவே கீழே வைத்தாள்.