தரேமா கேட்டு வாங்கிய மெஷின்

பாகோவாவின் கொப்பரைக் கொட்டகையிலிருந்து அந்தத் தையல் மெஷின் வந்து இறங்கிய அன்று எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் சோறு ஒழுங்காக வேகவில்லை. எல்லாப் பெண்களும் தரேமா வீட்டு வாசலில்தான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அங்கிருந்துதான் மெஷினும் தெரியும், தரேமாவின் பெருமையும் தெரியும்.

அதை அவள் புபுசி கேட்டு வாங்கியிருந்தாள். எங்கள் பெசியோத் தீவில் சொந்தக்காரர் ஒருவர் வாய்விட்டுப் புபுசி கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. கேட்கிறவளும் துருவக் கூடாது. நன்றாக ஓடுமா, எதற்கு வைத்திருந்தாய் என்றெல்லாம் விசாரித்தால் கொடுக்கிறவனை அவமானப்படுத்திய மாதிரி. பாகோவா அவளுக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவள் கேட்டாள், அவன் தலையாட்டினான், விஷயம் முடிந்தது.

பெரிய இரும்பு மெஷின். கம்பெனிப் பெயர் இருந்த தகட்டின் மேல் யாரோ பச்சைப் பெயின்ட்டை அப்பியிருந்தார்கள். நான் குனிந்து அடியில் பார்த்தேன்.

"ஏண்டி, அடிநூல் பாபின் போடற இடத்தையே காணோமே?"

"இதுக்குப் பாபினே வேணாம். கம்பெனி மெஷினு. உன் வீட்டு ஓட்டை மெஷின் மாதிரியா?"

"யார் சொன்னது வேணாம்னு?"

"நான்தான் சொல்றேன். போதாதா?"

தரேமாவின் புருஷன் தெகாய்க்குப் படகு மோட்டார் செத்துப்போய் வெகுநாளாயிற்று. தோணிக்குத் தார்ப்பாயில் ஒரு காற்றுப்பாய் தைத்துக்கொண்டு சூரை மீன் பிடிக்கப் போவதாகத் திட்டம். அவன் கப்பலில் வேலை பார்த்தவன்; அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வான். நூல் விஷயத்தில் பெரிய பிரசங்கமே நடந்தது.

"பருத்தி நூல் உப்புத்தண்ணில இத்துப்போகும். நைலான் இழுத்தா நீளும். வெயிலுக்கும் காத்துக்கும் பாலியெஸ்டர்தான்" என்று பளபளவென்று ஒரு கண்டை எடுத்து, நூலை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்துக் காட்டினான். விரலில் ரத்தம் வந்தது, நூல் அறுந்துபோகவில்லை. எல்லோரும் கைதட்டினோம். நூலுக்கு நடந்த பரீட்சையில் கால்வாசி மெஷினுக்கு நடந்திருக்கலாம்.

பாய் தயாரானது. தையல் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மிச்சத் தார்ப்பாயில் தரேமா பைகள் தைத்தாள். நான் ஒன்று கேட்டேன். கொடுக்காமல் என்ன செய்வாள்? தெகாய் ஒருநாள் காலையில் புதுப் பாயை ஏற்றிக்கொண்டு, கிழக்குக் காற்று முதுகில் தள்ள, தனியாகப் பவளத் திட்டைத் தாண்டிப் போனான்.

மத்தியானம் நான் கடையிலிருந்து அந்தப் பையில் அரிசி வாங்கி வந்துகொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் இழுக்காமல் விட எனக்குத் தெரியாது. இழுத்தேன். அடித்தையல் முழுக்க ஒரே ஓட்டமாகப் பிரிந்து அரிசி ரோட்டில் கொட்டியது.

"உன் கம்பெனி மெஷின் லட்சணத்தைப் பாரு" என்று பையோடு நேரே தரேமாவிடம் போனேன். அவள் இன்னொரு பையை எடுத்து நூல் முனையை இழுத்தாள். அதுவும் பிரிந்தது. மூன்றாவதை இழுக்கவில்லை. கடலைப் பார்த்தாள். எனக்கு நாக்கு நுனியில் இன்னொரு நக்கல் இருந்தது, விழுங்கிவிட்டேன்.

கொட்டகைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணே, அது என்ன மெஷின்?"

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பாகோவா இறங்கவில்லை. "சாக்கு வாய் தைக்கிறது. ஒத்தை நூல், சங்கிலித் தையல். முனையைப் புடிச்சு இழுத்தா வாய் தொறந்துக்கணும், அதுக்குத்தான் அப்படி. வழவழ நூல்னா இன்னும் சீக்கிரமா ஓடிரும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலையே. உனக்கு இது ஆகாதும்மான்னு நான் சொன்னா, கொடுக்க மனசில்லாம சாக்கு சொல்றான்னு ஊரே சொல்லாதா?"

"அதுலதான் தோணிப் பாய் தைச்சிருக்கேன். அவர் கடலுக்குப் போயிருக்கார்."

பாகோவா இப்போது இறங்கினான். அந்தக் காற்றில் பாய் கிழிந்த தோணி மேற்கே போகும். மேற்கே எங்களுக்கு ஊர் எதுவும் இல்லை, தண்ணீர்தான். அப்படிப் போனவர்களின் பெயர்கள் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு.

ஓடுகிற மோட்டார் படகு யூத்தாவிடம் இருந்தது. தூரத்துச் சொந்தம். யாராவது சொந்தக்காரர் கேட்டுவிடுவாரோ என்று அந்தப் படகைத் தென்னோலை போட்டு மூடி வைத்திருக்கும் ஆசாமி. தரேமா அவன் முன்னால் நின்று கேட்டாள். வேறு வழியில்லாமல் ஓலையை விலக்கினான்.

"டேங்க்கைத் தொற, பார்க்கணும்" என்றாள்.

கூடியிருந்தவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். யூத்தாவின் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன தரேமா, வாங்க வந்தவ சோதனை போடறே?" என்றான் யூத்தா.

"இன்னிக்கு எனக்கு மரியாதை தெரியாது. நடுக்கடல்ல எஞ்சின் நிக்குமா, நிக்காதா? நேரா சொல்லு."

யூத்தா எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தான். "நிக்கும். பிளக் போயிருச்சு."

"கடைசியா எப்ப ஓட்டினே?"

யூத்தா குனிந்து பழைய பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தான். பாகோவா வேறொருவர் எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தான், கேட்காமலே. யூத்தாவும் அவனும் படகில் கிளம்பினார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் தோணியைக் கட்டி இழுத்து வந்தார்கள். தென்னை மரத் தலைகள் கண்ணிலிருந்து மறையும் தூரத்தில் தெகாய் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தானாம். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. பாய் நாலு துண்டாகத் தோணிக்குள் கிடந்தது.

"நூல் அறுந்துபோகல" என்றான் கரைக்கு வந்ததும். அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை. தரேமா எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னாள், ஒளிக்காமல். அவன் பாகோவாவையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான்.

மெஷின் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. திரும்பக் கொடுத்தால் அண்ணனுக்கு அவமானம், வைத்திருந்தால் புருஷனுக்குக் கண்ணில் உறுத்தல். பாயின் துண்டுகளைத் தரேமா இப்போது கையால் தைக்கிறாள். தெகாய் எதிரே உட்கார்ந்து, அவள் போடும் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்க்கிறான். நான் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அவன் இழுத்து முடிக்கும்வரை அவள் ஊசியைப் பிடித்தபடி காத்திருக்கிறாள்.