கோபுரக் கரையில் ஒரு பள்ளம்

நெசவாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் ஏகாம்பரநாதரே வந்து சமாதானம் சொன்னாலும் எடுபடாது. வீரபாகு முதலியாருக்குச் சந்தேகப்பட நியாயமும் இருந்தது. அவர் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கிளிக்கரை, சேலை தறியை விட்டு இறங்குவதற்கு முன்பே வேறொரு கடையில் தொங்கியது. "புதுக் கரை இருந்தா வாபா, இல்லாங்காட்டி தறிய மூடிடு" என்று அவருக்கு வேலை கொடுக்கும் கடைக்காரர் முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

கிளிக்கரை களவு போன அந்த எழுபத்தொன்றாம் வருஷ ஆடியிலிருந்துதான் ஞாயிறுதோறும் ஓர் ஆள் செவிலிமேட்டில் வந்து இறங்கினான். கழுத்தில் பைனாகுலர், தோளில் ஜோல்னாப் பை. வீரபாகுவின் தறி ஜன்னல் பக்கம் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பான், நோட்டில் எழுதுவான், ஏரிப் பக்கம் போய்விடுவான். காசிநாதனாம், காலேஜ் வாத்தியாராம், பறவை எண்ணுகிறானாம்.

"ஜன்னலுக்கு மேல புளியமரத்துல நாரை உக்காந்துக்கினு இருக்குது. அதத்தாங்க பாக்குறாரு" என்றாள் அவர் மனைவி தில்லையம்மாள்.

"நாரைய எண்ணி இன்னா பண்ணப் போறான்? ஊறுகாயா போடுவான்? வேவு பாக்குறான்டி."

மழைக்காலம் போய்ப் பனி வந்தது, பனி போய் வெயில் வந்தது. அவன் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. மறு ஆனியில் ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்தவன், பையை வாசற்படியில் வைத்துவிட்டுக் கொல்லைக் கிணற்றில் கால் கழுவப் போனான்.

வீரபாகு பைக்குள் கையை விட்டார். கட்டம் போட்ட தாள் ஒன்று வந்தது. கட்டங்களில் கறுப்பு மை. அவருக்குப் பகீரென்றது. தறிக்காரன் வீட்டில் எந்தக் கரையும் முதலில் இப்படிக் கட்டத் தாளில்தானே பிறக்கிறது! ஐம்பத்திரண்டு வரிசை. படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும் அசல் கோபுரக் கரை. உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் பல் விழுந்த மாதிரி மூன்று வரிசைப் பள்ளம்.

"என் கிளிய எடுத்தவன் கோபுரத்த நான் எடுத்தா பாவமில்ல" என்று முனகிக்கொண்டு தாளை மடியில் செருகினார்.

பள்ளம் கரைக்கு அழகில்லை என்று தானே கட்டங்களை நிரப்பினார். அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்துத் தறியில் ஏற்றினார். தாளை அடுப்பில் போட்டார். பஸ்ஸில் தாளைத் தொலைத்துவிட்டதாக அவன் தெருவில் புலம்பியதுகூட அவருக்கு நடிப்பாகத்தான் பட்டது.

கரையைப் பார்த்ததும் கடைக்காரர் பத்துச் சேலைக்குச் சொல்லிவிட்டார். ஆவணியில் ஒரு ஞாயிறு, மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த காசிநாதன் தறியைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இது என் ஏரி! ஒரு கட்டத்துக்குப் பத்து நாரை, ஒரு வரிசைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை. தாள் இங்கதான் விழுந்துச்சா? நல்லவேளை, உங்க கையில கெடச்சுது!"

அவன் புதுத்தாளை எடுத்து, ஜரிகையை விரலால் எண்ணி எண்ணிப் படியெடுத்தான். தை மாத வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இங்க பள்ளம் இருக்கணுமே. மூணு வாரம் யாரோ ஏரியில வலை கட்டிப் பறவையப் புடிச்சாங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க அதுதான் சாட்சி." இன்னொரு முறை எண்ணினான். முகம் தொங்கிவிட்டது. "நான்தான் தப்பா நெனச்சுக்கினு இருந்தேன் போல."

பேசாமல் இருந்திருந்தால் வீரபாகு தப்பியிருக்கலாம். பத்துச் சேலையும் மானமும் மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு வருஷம் எண்ணியவன் தன்னையே சந்தேகப்படுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு உன்னுதில்லபா. அழகுக்காக நான் ரொப்பினது. மொத வாரம் ஆறு கட்டம், அடுத்தது மூணு, அப்புறம் நாலு. கட்டக் கணக்கு எனக்கு மறக்காது."

காசிநாதன் மூன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"அந்தத் தாள் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன். உன் பையிலேர்ந்து நான்தான் எடுத்தேன்."

காசிநாதன் புதுத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த ஞாயிறும் வந்தார், நாரையை எண்ணினார், வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். கொல்லைக் கிணற்றுக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனார்.