ஜூனிக்கு ஓர் இணையப் பள்ளி

ஊர்ப் பள்ளியில் சைகை மொழி தெரிந்த ஒரே ஆசிரியையும் போன கோடையில் வேலையை விட்டுவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டாள். அதனால்தான் லொரெட்டா, பிள்ளையை வேறு பள்ளியில் படிக்கவைக்க அரிசோனா அரசு தரும் கல்விப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பணத்தை வாங்கினால் ஊர்ப் பள்ளியில் காது கேளாத மகளுக்கு இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும். அதையும் விட்டாயிற்று.

இப்போது, காது கேளாத குழந்தைகளுக்கு எல்லா வசதியும் உண்டு என்று சொன்ன இணையப் பள்ளியின் ஆள் கார்சன், கணினித் திரையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆறு வயது ஜூனி அம்மாவை ஒட்டி உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாடமெல்லாம் வீடியோதான் மேடம். டேப்லெட் இலவசம்.”

“டேப்லெட் கிடக்கட்டும். சைகையில சொல்லிக் கொடுக்கப் போறது யாரு?”

“அது தேவையே இல்ல மேடம். டீச்சர் பேசுறது அப்படியே கீழ எழுத்தா வரும். பாப்பா படிச்சுக்கலாம்.”

லொரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இவ ஒண்ணாங்கிளாஸ். படிக்கத் தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வரேன்?”

“போகப் போகப் பழகிடும் மேடம்.”

லொரெட்டா மைக்கை அணைத்தாள். வாய்க்கு வந்திருக்க வேண்டிய அத்தனை வசவையும் இரண்டு கைகளாலும் அவன் முகத்துக்கு நேரே கொட்டினாள். அம்மா இப்படித் திட்டி ஜூனி பார்த்ததே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மேடம், ஒண்ணுமே கேக்கல. என்ன சொல்றீங்க?”

லொரெட்டா மைக்கை மறுபடியும் போட்டாள்.

“கீழ எழுத்து வரும். படிச்சுக்கோ.”