பாதி ஓட்டம்

படியேறி வரும் காலடியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பதினெட்டு வருஷமாக இந்த மாடி அறையில் குப்பை கொட்டுகிறவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? தோற்ற டிரைவர் தடதடவென்று ஏறி வந்து என் மெஷினைத் திட்டுவான். ஜெயித்தவன், யாராவது பார்க்க மாட்டார்களா என்று ஆற அமர வருவான். அன்று காலை வந்த காலடி பாதிப் படியில் நின்றது, பிறகு ஏறியது, மறுபடியும் நின்றது. எனக்கு யாரென்று தெரியவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். ஸ்பானர்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே அவள் புருஷன்தான். அவனை நாங்கள் ஒல்லி என்போம். ஒல்லி ஓட்டுவான், ஸ்பானர் காரைப் பார்த்துக்கொள்வாள். இன்ஜின், டயர், காற்று எல்லாம் அவள் கை. கல்யாணத்துக்கு முன்பே அவள் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவள். கார் ரிப்பேருக்கு வந்த இடத்தில்தான் இவனும் ரிப்பேர் ஆனான் என்று கீழே கேன்டீனில் ஒரு ஜோக் உண்டு. அந்த ஜோக்கை இப்போது யாரும் சொல்வதில்லை.

இங்கே நடப்பது டிராக் ரேஸ். வளைவு கிடையாது, நெளிவு கிடையாது. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு விழுந்ததும் நானூறு மீட்டர் நேரே போகும், எட்டு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். "தும்மி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சுடுது, இதுக்கா இத்தனை பேரு வெயில்ல காயுறீங்க?" என்று என் வீட்டுக்காரர் இன்னமும் கேட்கிறார். அந்த எட்டு நொடிக்குள் என்ன நடந்தது என்று சொல்வதுதான் என் வேலை. வழி நெடுக ஓரத்தில் கம்பம் நட்டு, கார் தாண்டுவதைப் பார்க்கும் மின்கண் வைத்திருக்கிறோம். நூறு மீட்டரில் ஒன்று, பாதியில் ஒன்று, முந்நூறில் ஒன்று, கடைசியில் ஒன்று. கார் தாண்டத் தாண்ட நேரம் இந்த மெஷினுக்கு வரும், ஓட்டம் முடிந்ததும் விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு துப்பும். டிரைவர் காரைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி வந்து தன் கையால் அதை வாங்க வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். அப்பன் வந்தாலும் கிடையாது, ஆத்தா வந்தாலும் கிடையாது. அதனால் ஸ்பானர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மேலே வந்ததில்லை. கீழே காரில் சாய்ந்து நிற்பாள். ஒல்லி சீட்டோடு இறங்கிப் போவான், இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சீட்டை யாரும் வாங்க வரவில்லை.

முந்நூறு மீட்டரைத் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. கார் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரி வேன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் மெஷின் அதுபாட்டுக்கு சீட்டை அடித்துத் தள்ளியது. அதற்கென்ன தெரியும்? விசாரணைக்கு வந்தவர்கள் கடைசி நேரத்தைக் கேட்டார்கள். கடைசி வரி காலி என்றேன். டயர் வெடித்து விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சீட்டை நான் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். இந்தத் தாளுக்கு வெயில் ஆகாது. ஒருமுறை ஒரு சீட்டை ஜன்னல் கட்டையில் மறந்து வைத்துவிட்டேன், சாயங்காலத்துக்குள் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிட்டது.

"உட்காரும்மா," என்றேன். "டீ சொல்லட்டுமா?"

"வேணாங்க்கா. அந்தச் சீட்டு இருக்கா?"

இருக்கிறது என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் நான் அதைப் பார்த்திருந்தேன். கடைசி வரிதான் காலி, மற்றதெல்லாம் ஒல்லி இங்கே ஓட்டியதிலேயே நல்ல ஓட்டம். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, உன் புருஷன் சாகிற அன்றைக்குத்தான் பிரமாதமாக ஓட்டினான் என்று எந்த வாயால் சொல்வது?

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நகக்கண்ணில் கிரீஸ் இல்லை. அந்தக் கையை அத்தனை சுத்தமாக நான் பார்த்ததே இல்லை, பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"கீழ என்ன பேசிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

தெரியும். ஓட்டத்துக்கு முன்னால் அவள் பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கியதைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். காற்று குறைந்தால் தரையில் பிடிமானம் கூடும், எல்லோரும் செய்வதுதான்; அளவுக்கு மீறிக் குறைந்தால்தான் டயர் சூடேறி வெடிக்கும். ஆனால் டயர் வெடித்த பிறகு ஆளாளுக்கு வாய் முளைத்துவிட்டது. பெண்டாட்டி காற்றைப் பிடுங்கினாள், அவன் மூச்சு போச்சு என்று கேன்டீனில் ஒருவன் சொன்னான். அவன் டீயைத் தட்டிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"நாத்தனார் என்கிட்ட பேசறதில்ல. 'என் தம்பிய நீயே அனுப்பி வச்சிட்டியே'ன்னு ஒரே ஒரு தடவ சொன்னாங்க, அதோட சரி. அவங்கள விடுங்க. எனக்கே தெரியலையேக்கா. ராத்திரி பகலா கையப் பாத்துட்டே உக்காந்திருக்கேன்."

"சீட்டுல டயர் பத்தி என்னம்மா இருக்கும்? வெறும் நேரம்தானே."

அவள் குனிந்துகொண்டே சொன்னாள். "அன்னைக்கு அது பாதி ஓட்டம்க்கா. யாருக்கும் தெரியாது, எங்க ரெண்டு பேருக்கும்தான். டயர் பழசு. புதுசு மறுநாள்தான் வருது. பாதி தூரம் தாங்கும், அதுக்கு மேல தாங்காது, பாதிக் கம்பத்துல ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்துடுன்னேன். சரின்னு கையில அடிச்சுக் கொடுத்தாரு. பாதிக்கு ஏத்த மாதிரிதான் காத்து வச்சேன். அவர் கால எடுத்தும் டயர் வெடிச்சிருந்தா, அது என் கைதான். எடுக்கலேன்னா..."

"கால எடுத்தா இன்ஜின் சத்தம் குறையுமே, உனக்குக் கேட்டிருக்குமே?" என்றேன்.

"பக்கத்துல இன்னொரு கார் கத்திட்டுப் போகுது. என்னத்தக் கேக்க?"

மூன்று மாதம் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. படியில் நின்று நின்று ஏறிய காலடியே சொல்லிவிட்டது. டப்பாவைத் திறந்து சீட்டை நீட்டினேன். டிரைவர் கையில் மட்டும் என்ற என் சட்டம் அன்றோடு ஒழிந்தது, ஒழியட்டும்.

அவள் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். பாதிக் கம்பத்து வரியில் விரல் நின்றது. நாலு புள்ளி தொண்ணூற்றொன்று. ஐந்துக்குக் கீழே அந்தக் கார் ஒருநாளும் வந்ததில்லை. அவள் உதடு அந்த எண்ணை ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தது. பிறகு விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. முந்நூறு மீட்டர், ஆறு புள்ளி முப்பத்துமூன்று.

கீழே யாரோ ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"எடுக்கல," என்றாள். "கால எடுத்திருந்தா இது ஆறரையத் தாண்டியிருக்கும். எடுக்கவே இல்ல, படுபாவி. மிதிச்சிருக்கான்."

இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'அவன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அழுதாள். நான் எழுந்து போய் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? அழுகைக்கு நடுவில் அவள் சிரித்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நாலு தொண்ணூத்தொண்ணுக்கா. என் காத்து சரியாத்தான் இருந்திருக்கு. அவ்ளோ நல்லா ஓடியிருக்கு வண்டி. நல்லா ஓடினதால விட மனசு வரல அவனுக்கு. நான் கொஞ்சம் மோசமா செட் பண்ணியிருந்தா பாதியில நிறுத்தியிருப்பான் இல்ல?"

"அடி பைத்தியமே, அப்படிப் பேசாத," என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. "இதக் கொண்டுபோய் உன் நாத்தனார் மூஞ்சிக்கு நேரா நீட்டு. கேன்டீன் சுவத்துல ஒட்டு. நான் கூட வர்றேன். ஒருத்தன் வாயத் திறக்கட்டும், பாத்துக்கறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அக்காவுக்கு இருக்கறது ஒரே ஒரு நெனப்புதான். என் தம்பி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன், யாரோ செஞ்ச தப்புல போயிட்டான்னு. இதக் காட்டினா அதுவும் போயிடும். காட்டலேன்னா நான் சாகிற வரைக்கும் அவன கொன்னவ." மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன். தெரிஞ்சாச்சு."

எழுந்தாள். சீட்டைப் பையில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னல் கட்டையில் வெயில் விழுகிற இடத்தில் அதை விரித்து, ஒரு முனையில் என் ஸ்டேப்ளரை எடுத்து வைத்தாள்.

"ஏய், என்ன பண்ற? வெளுத்துடும்."

"எனக்கு முடிவு பண்ணத் தெரியலக்கா. சாயங்காலம் வர்றேன். எழுத்து இருந்தா எடுத்துட்டு நேரா அவங்க வீட்டுக்குப் போறேன். போயிருந்தா போகட்டும். நீங்க தொடக் கூடாது, சத்தியம் பண்ணுங்க."

கையை நீட்டினாள். அடித்துக் கொடுத்தேன். சுத்தமான கையாக இருந்தாலும் உள்ளங்கை இன்னும் காய்த்துத்தான் இருந்தது.

இறங்கும்போது அவள் எந்தப் படியிலும் நிற்கவில்லை. விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் பயிற்சி நாள். ஓட்டம் தொடங்க இன்னும் கால்மணி நேரம் இருந்ததால் பாதை காலியாகக் கிடந்தது. அவள் ஓரமாக நடந்து போனாள். பாதிக் கம்பம் வந்ததும் நின்றாள். வலது காலை மட்டும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, அப்படியே ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு காலை ஊன்றி, திரும்பிப் பார்க்காமல் வாசல் பக்கம் போய்விட்டாள்.

பத்து மணிக்கு முதல் இரண்டு கார்கள் கோட்டில் வந்து நின்றன. கீழேயிருந்து கை காட்டினார்கள். பித்தானை அழுத்தி மெஷினைத் தயார் செய்ய நான் நாற்காலிக்கு வர வேண்டும். நான் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து, கட்டைக்கு மேலே பின்னால் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். சீட்டைத் தொடவில்லை. சத்தியம் சத்தியம்தான். முதுகில் வெயில் சுள்ளென்று அடித்தது, என் நிழல் முழுக்க அந்தத் தாளின் மேல் கிடந்தது. கீழேயிருந்து சத்தமும் போட்டார்கள். மெஷின் இருந்த மேஜையைக் காலால் கொக்கி போட்டு என் பக்கம் இழுக்க ஆரம்பித்தேன்.