படல் மட்டும் பத்திரமாக இருந்தது

எங்கள் ஊர்க்காரர்கள் கொடுத்த வாக்கை மீற மாட்டார்கள். வாக்கில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியாகப் போய் வருவார்கள். போன மார்கழியில் நடந்தது அதுதான்.

மஞ்சக்குட்டைக்குப் போகிற ஜீப் எங்கள் ஊரில் நின்றால், இறங்கியதும் எதிரே தெரிவது பொதுச் சரிவு. மழைக்காலத்தில் அதில் புல் இடுப்பளவு நிற்கும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஊர் கூடிச் சரிவை அடைத்துவிடும். மார்கழிக் குளிரில் இந்த மலையில் புல் வளராது. வளர்ந்ததைக் காப்பாற்றி வைத்து, தை பிறந்த பிறகு வீட்டுக்கு வீடு முறை போட்டு மேய்த்தால்தான் கோடை மழை வரைக்கும் மாடு தாங்கும். அதனால் சரிவைச் சுற்றி உண்ணிச்செடி வேலி, ரோட்டுப் பக்கம் ஒரு மூங்கில் படல். அடைக்கிற நாளில் மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் அந்தப் படலில் ஒரு கொத்து வேப்பிலை கட்டி, “மாட்டுப் பொங்கல் வரைக்கும் இந்தப் படலைத் திறக்க மாட்டேன்” என்று சொல்ல வேண்டும். மலையில் வேப்பமரம் கிடையாது. அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வேப்பிலை வரும். அத்தனை மெனக்கெட்டுச் செய்கிற சத்தியம்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் தலைவர் மாதையன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ‘மேய்ச்சல் பாதுகாப்பு’ என்று ஒரு குரூப் தொடங்கினார், தொடங்கியவரே தலைவர் ஆகிவிட்டார். குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகப் படலருகே நின்று, காலையில் பல் விளக்குவதற்கு முன்பே குரல் பதிவு அனுப்புவார். “புல்லு நம்ம சாமி சொத்துங்க. ஒருத்தரும் கை வைக்கக் கூடாதுங்க.” குரலில் அவ்வளவு கண்டிப்பு. பின்னால் அவருடைய மாடு எதையோ மென்றுகொண்டிருக்கிற சத்தமும் கேட்கும்.

மார்கழிப் பனி இறங்கினால் எதிர்வீட்டு வாசலே தெரியாது. ஆனால் பனியில் காது நன்றாகக் கேட்கும் என்பது பலருக்குத் தெரியவில்லை. முதல் வாரத்திலேயே வேலிப் பக்கம் சரசரவென்று சத்தம். ஊரில் மாட்டு மணிச் சத்தம் மட்டும் குறைந்துபோயிற்று. மாடு நடக்கும், மணி அடிக்காது. இது என்ன அதிசயம் என்று போய்ப் பார்த்தால், எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ரொனால்ட் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார். மாட்டின் கழுத்து மணிக்கு மகனுடைய ஸ்கூல் சாக்ஸை மாட்டிவிட்டிருக்கிறார்.

“என்னங்க ரைட்டர் சார், மணிக்குக் குளிருதுங்களா?”

“சத்தம் போட்டா கொழந்தைங்க முழிச்சுக்குதுங்க” என்றார். நல்ல தகப்பன்.

அடுத்த நாள் ராசம்மாள். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை கண்டிப்பவள், மாட்டோடு பனிக்குள்ளிருந்து முளைத்தாள்.

“ஏனுங்க ராசம்மா, இந்தக் குளுருல எங்கீங்க?”

“மாட்டுக்கு வயிறு உப்புசமுங்க. நடத்திக் கூட்டிட்டுப் போனா சரியாப் போகுமுன்னு டாக்டர் சொன்னாருங்க.”

“எந்த டாக்டருங்க?”

“யூட்டியூப் டாக்டருங்க.”

மாட்டின் வாயோரம் பச்சைப் புல் நீட்டிக்கொண்டிருந்தது. யூட்டியூப் மருந்து போலிருக்கிறது.

படலை யாரும் தொடவில்லை. கட்டிய வேப்பிலை கட்டியபடியே காய்ந்து தொங்கியது. திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தது படலைத்தானே, வேலியை இல்லையே! வீட்டுக்கு ஒரு சந்தாக உண்ணிச்செடியை வெட்டி, மாடு போய் வந்ததும் வெட்டிய செடியையே சொருகி மூடிவிட்டார்கள். ஒருவர் சந்து இன்னொருவருக்குத் தெரியாது. தான் ஒருத்தர் மட்டும்தான் கெட்டிக்காரர், மற்றவர்கள் எல்லாம் வாக்கைக் காப்பாற்றுகிற அசடுகள் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

உண்மையான அசடு ஊரில் ஒன்றுதான். புஷ்பலதா. புருஷன் திருப்பூரில், நினைத்தால் வருவான். நிலம் கிடையாது. காப்பிப்பழம் பறிக்கிற காலம் என்பதால் விடியும்முன் எஸ்டேட்டுக்கு ஓடிவிடுவாள். அவளிடம் இருப்பது ஒரு சினைக் கிடாரி, மாசியில் ஈனும். கன்று போட்டுவிட்டால் டீக்கடை அமீர் ஜான் பால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அவள் கூலிக்கு ஓட வேண்டியதில்லை. அதுவரைக்கும் மாட்டைக் காப்பாற்ற வேண்டும். மார்கழி முழுக்கச் சாலையோரப் புல்லும் பலா இலையும் போட்டு ஓட்டினாள். மாட்டின் விலா எலும்பு தெரிந்தது. தையில் சரிவு திறந்தால் மாடு தேறும், திறந்தும் புல் இல்லையென்றால் பொங்கல் கழிந்து சேலத்திலிருந்து வருகிற மாட்டு வியாபாரிக்குக் கயிற்றைக் கொடுத்துவிடுவது என்று முடிவாக இருந்தாள்.

நான் ஒரு தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

“வேப்பல கட்டிருக்காங்களேக்கா, அப்புறம் எப்படிப் போவாங்க?” என்றாள்.

மாட்டுப் பொங்கல் வந்தது. கொம்புக்குப் பெயின்ட், கழுத்துக்குச் சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம். எல்லா மாடும் படல் முன்னால் நின்றன. ரொனால்ட் மணியிலிருந்து சாக்ஸைக் கழற்றியிருந்தார். மாடுகள் எல்லாம் எண்ணெய் தேய்த்ததுபோல் மினுமினு என்றிருக்க, ஓரத்தில் புஷ்பலதாவின் கிடாரி மட்டும் மாலையின் பாரத்துக்கே தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

மாதையன் கற்பூரம் காட்டினார். பனி இன்னும் விலகவில்லை, சரிவு தெரியவில்லை. “பாருங்க, கட்டுன தழை கட்டுன மாதிரியே இருக்குது. இதுதான் நம்மூரு கட்டுப்பாடு!” என்று சொல்லிப் படலைத் தூக்கி ஓரம் வைத்து, “அவுத்து உடுங்க!” என்றார்.

அவிழ்த்துவிட்டார்கள். திறந்த படலை ஒரு மாடும் திரும்பிப் பார்க்கவில்லை.

ராசம்மாளின் மாடு வேலியோரமாக நேரே நடந்து, ஓரிடத்தில் நின்று, சொருகியிருந்த செடியைக் கொம்பால் தள்ளிவிட்டு, மாலையோடு உள்ளே நுழைந்தது. ரொனால்டின் மாடு மணியடித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்த் தன் சந்தில் புகுந்தது. ஒவ்வொன்றும் அதனதன் வாசலுக்குப் போயிற்று. வரிசையில் இடித்துக்கொள்ளக்கூட இல்லை, அவ்வளவு பழக்கம். மாதையனின் மாடு மட்டும் திரும்பி வீட்டைப் பார்த்து ஓடியது.

“கூட்டத்தப் பாத்து மெரண்டுருச்சுங்க” என்று சிரித்தார் தலைவர். சிரித்து முடிப்பதற்குள் அந்த மாடு அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு, சரிவை ஒட்டிய கொல்லை வழியாக உள்ளே வந்து நின்றது.

படல் வழியாக நுழைந்தது புஷ்பலதாவின் கிடாரி ஒன்றுதான்.

பனி விலகியது. சரிவு, சலூனில் மெஷின் போட்ட தலை மாதிரி இருந்தது. புல் இல்லை, அடிக்கட்டையும் சாணியும்தான். புஷ்பலதா வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

முதலில் சுதாரித்தவள் ராசம்மாள். “காட்டெருமைங்க! கூட்டமா வந்து வேலியப் பிச்சுட்டுத் தின்னுருக்குது!”

“ஆமாங்க, ஆமாங்க” என்று எல்லோரும் காட்டெருமையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சாணி காட்டெருமைச் சாணியேதான் என்று ரொனால்ட் குனிந்து பார்த்து உறுதி செய்தார். ஃபாரஸ்டில் மனு கொடுப்பது என்று மாதையன் அறிவித்தார்.

மாடுகளுக்கு மனுவில் நாட்டமில்லை. சரிவில் ஒன்றும் இல்லை என்று கண்டதும் மாதையனின் மாடு வந்த சந்து வழியாகவே திரும்பியது. பிடித்து நடத்த அன்றைக்கு ஆள் இல்லை. கொல்லையில், பொதுப்புல்லில் மாட்டை மேய்த்துத் தலைவர் மிச்சம் பிடித்திருந்த தீவனப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அது அதற்குள் புகுந்தது. பின்னாலேயே புஷ்பலதாவின் கிடாரியும் புகுந்தது. பச்சையைக் கண்டு எத்தனை நாளாயிற்றோ, தண்டோடு இழுத்தது.

“புஷ்பா! மாட்டப் புடி அம்மிணி! தோட்டத்துல பூந்துருச்சு!”

புஷ்பலதா அசையவில்லை. “வேலி இருக்குதேங்கண்ணா. எப்படிப் பூந்துச்சு?”

“அங்க ஒரு சந்து இருக்குது.”

“காட்டெருமை போட்டதுங்களா?”

மாதையன் தோட்டத்தை எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் மளுக் மளுக்கென்று தண்டு முறிந்தது.

“அப்ப அது காட்டெருமை வர்ற தடமுங்க. நான் ஒத்தப் பொம்பள, அதுக்குள்ள எப்படிப் போவேன்? முட்டிருச்சுன்னா?”

“ஒரு எருமையும் வரல! அது என்ற ஊட்டுச் சந்துதான், நான் வெட்டுனதுதான்! மொதல்ல மாட்டப் புடி!”

தலைவர் வாயிலிருந்து அது விழுந்ததும் ஊர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! “ஏனுங்க தலைவரே, நீங்களேவா?” என்று ராசம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். அவளுடைய மாடு அவள் சந்தில் பாதி உடம்பை நுழைத்தபடி நின்றுகொண்டிருந்தது. தலைமைப் பொறுப்பு என்றால் என்ன என்று ரொனால்ட் கொஞ்ச நேரம் பேசினார். சரிவு முழுவதையும் மாதையனின் ஒற்றை மாடே தின்று தீர்த்ததாகத் தீர்ப்பாயிற்று. அந்த மாட்டின் வயிற்றைப் பாராட்ட வேண்டும். மாதையன் மற்றவர்களின் சந்துகளைக் காட்டிக் கத்தினார். அவையெல்லாம் காட்டெருமை போட்டவை, அதில் ஊர் மாறவில்லை.

தண்டனை சொன்னது புஷ்பலதாதான். கிடாரி ஈனுகிற வரைக்கும் தீவனம் மாதையன் தோட்டத்திலிருந்து. ஊர் ஒரே குரலில் சரியென்றது. தன் தோட்டம் இல்லை என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நியாயம் தெரியும்.

சேலத்து வியாபாரி வந்தார், அமீர் ஜான் கடையில் டீ குடித்தார், வெறும் கையோடு பஸ் ஏறினார்.

மாதையன் குரூப்பிலிருந்து விலகிவிட்டார். சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து வருகிற வழியில் புஷ்பலதா அவர் கொல்லையில் நிற்பாள். அவர் அரிவாளோடு குனிந்து அறுப்பார்.

“எளசாப் பாத்து அறுங்கண்ணா” என்பாள். “சினை மாடு, முத்தல் ஒத்துக்காது.”