பெயருக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு

எங்கள் ஸ்ட்ராத்கிளாஸ் பள்ளத்தாக்கில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஃபிரேசர் குலத்தான் மேல் விழும். தவறினால் ஃபிரேசர் வீட்டு ஆட்டின் மேல் விழும். நான் படித்த காலத்தில் வாத்தியார் "ஃபிரேசர், எழுந்திரு" என்றால் வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கும். வெளியே கட்டியிருந்த குதிரையும் காதைத் தூக்கும். அதனால் பட்டப்பெயர் இல்லாமல் இங்கே காலந்தள்ள முடியாது. என்னை 'மெய்பேசி' லாக்லன் என்பார்கள். ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இத்தனை ஃபிரேசர்கள் எப்படி வந்தோம்? பஞ்ச காலத்தில் எங்கள் குலத்தலைவர், "என் பெயரை வைத்துக்கொள்கிறவனுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு" என்றாராம். என் முப்பாட்டன் மூன்று தடவை, மூன்று தொப்பியில் போய் வாங்கினார். ஆகவே நான் மூன்று மடங்கு ஃபிரேசர். பிறகு பிழைப்புக்காகக் கப்பலேறியவர்கள் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். கனடாவில் ஒரு ஆறே எங்கள் பெயரில் ஓடுகிறது. வேலை தேடிப் போன எல்லா ஃபிரேசரையும் போல அதுவும் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறது.

என் பக்கத்து வீட்டுக்காரன் 'கொடி' டூகால். வருஷா வருஷம் கோடையில் குலத்தார் கூடும் நாளில், ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடிப்பவன் அவன்தான். முப்பத்தொரு வருஷமாக. அவன் மனைவி எஃபி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிஸம் குலத்துப் பெண். "மாடு திருடின கூட்டம்" என்று அவளை அவன் சீண்டாத நாள் கிடையாது.

போன கோடையில், கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, டூகாலுக்கு ஒரு கடிதம் வந்தது. பிறந்தநாள் பரிசாக நியூசிலாந்திலிருந்து அவன் மகள், எந்த வம்சம் என்று சொல்லும் மரபணுப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தாள். இவனும் பெருமையாக எச்சில் துப்பி அனுப்பிவைத்திருந்தான். அதன் முடிவுதான் அந்தக் கடிதம். காலை உணவு நேரம். நான் தற்செயலாக அங்கே முட்டை தின்றுகொண்டிருந்தேன்.

எஃபி படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏ மனுஷா, உன் தகப்பன் வழி ரத்தம் சிஸமாம்."

"போடி!"

"இந்தா, நீயே பாரு. அம்பது வருஷமா மாட்டுத் திருடி மாட்டுத் திருடின்னியே, இப்ப யாரு மாட்டுத் திருடன்? கடவுளே, நான் பங்காளியையா கட்டிக்கிட்டேன்!"

நான் சிரித்தேன். டூகால் சிரிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். மறுநாள் கொடியைச் சுருட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"நீ தூக்குடா லாக்லன். நான் அந்தப் பெயர்க்காரன் இல்ல."

முப்பத்தொரு வருஷமாக அந்தக் கொடிமேல் எனக்கு ஒரு கண். ஆனாலும் அதைக் கையில் வாங்கியதும், அடுத்தவன் பல்செட்டை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. நேரே எஃபியிடம் கொண்டுபோனேன்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நேத்துலேருந்து கொட்டகையே கதி. வாயே திறக்கல. என்னைத் திட்டக்கூட இல்ல. எனக்குப் பயமா இருக்கு லாக்லன்."

"ஆத்தத் தாண்டி மாவுக்கு வந்த சிஸம் எவனாவது இருந்திருப்பான். அவன் வம்சம்தான் இவன்."

எஃபியின் கை நின்றது. "அப்ப, பேரு மாவுக்கு வாங்கினதுதானே? திருடலையே?" ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மாவு ஆலைக்குப் போன் போட்டாள்.

கூட்டத்து நாளான சனிக்கிழமை காலை, பழைய கணக்கில் ஒரு மூட்டையான அறுபத்துமூன்று கிலோ ஓட்ஸ் மாவை என் டிராக்டரில் கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் இறக்கினோம். நான் ஒற்றை விரலால் தூக்கினேன் என்பதை எஃபி மறுப்பாள், நம்பாதீர்கள்.

"வெளிய வா," என்றாள் எஃபி. "உன் முப்பாட்டன் ஒரு மூட்டைக்குப் பேரு மாத்துனாரு. பழசு தீந்துபோயிருக்கும். இந்தா புதுசு."

கதவு விரலளவு திறந்தது. "தலைவர்தானே குடுக்கணும்?"

"சிஸம் வீட்டுப் பொண்ணே உன்னை ஃபிரேசருக்கு விட்டுக்குடுக்கறா. அதுக்கு மேல எந்தத் தலைவர்டா வேணும்?" என்றேன் நான்.

அவன் வெளியே வந்து மூட்டையைப் பார்த்தான். பிறகு எஃபியை. "வாங்கினா மட்டும் பத்தாது. தின்னாத்தான் செல்லும்."

அதை யோசிக்காமலா வந்திருப்பாள்? தூக்குவாளியில் கஞ்சி சுடச்சுட இருந்தது. உப்புப் போட்டு, எங்கள் வழக்கப்படி நின்றுகொண்டே, கடைசிக் கரண்டிவரை குடித்தான். மீசையைத் துடைத்தான்.

"உப்பு கம்மி. சிஸம் கை இல்ல?"

எஃபி தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு கொடியை அவன் கையில் திணித்தாள்.

அன்று கொடி முன்னெப்போதையும்விட உயரமாகப் போனது. மேகத்தில் மாட்டிக்கொண்டதால் இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டோம். மாவு இன்னும் பாதி இருக்கிறது. தினமும் காலையில் அதைத் தீர்க்க உதவிக்குப் போய் வருகிறேன்.