வீரம்மாவின் புருசன் பேர்

வீரம்மாவுக்குப் பதினோரு வயது. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவந்து கொழுந்து பறிக்கக் கூடையை மாட்டிவிட்டவன் முத்துலிங்கம் கங்காணி. எதிர்த்துப் பேசினால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லுவானே என்று தாய் மீனம்மா வாயை மூடிக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்! வீரம்மாவுக்குத்தான் வயிறெரிந்தது.

அப்போதுதான் சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க அரசாங்கத்து ஐயா ஒருவர் வருகிறார் என்று சேதி வந்தது. கங்காணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொழுந்து தளதளவென்று நிற்கிற நேரத்தில் ஆள் குறைந்தால் துரையிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? தன் வீட்டிலிருந்து ஒரு சேலையைக் கொண்டுவந்து வீரம்மாவைச் சுற்றிக்கொள்ளச் சொன்னான். கழுத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு. மகன் சின்னராசாவின் பெண்டாட்டி என்று தானே சொல்லிவிடுவதாகவும், ஐயா கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கும்படியும் மிரட்டி வைத்தான். இந்த ஐயாவும் ஏமாந்துவிட்டால் பள்ளிக்கூடம் அவ்வளவுதான் என்று வீரம்மாவுக்குப் புரிந்தது.

ஐயா கண்டியிலிருந்து வந்த தமிழர். மலையில் வரிசையாக நின்ற பெண்களிடம் பேரும் புருசன் பேரும் கேட்டுக்கொண்டே வந்தார். ராசம்மா வெட்கப்பட்டுப் பக்கத்தில் நின்றவளைச் சொல்லச் சொன்னாள். காளியாயி, "அந்தா, செடியக் கவ்வாத்து வெட்டுறாரே, அவருதாங்க" என்று கையைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எந்தப் பெண்டாட்டிதான் கட்டினவன் பேரை வாயால் சொன்னாள்! வீரம்மா இரண்டையும் நன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது நம்ம மருமகளுங்க" என்றான் கங்காணி, பல்லெல்லாம் தெரிய.

ஐயா அவள் புருசன் பேரைக் கேட்டார்.

"சின்னராசாங்க" என்றாள் வீரம்மா, மலைக்கே கேட்கும்படி. "மாமனாரு முத்துலிங்கங்க. சின்னராசாவுக்குக் கருவாடுன்னா உசுருங்க. ஆனா சின்னராசா குளிக்கத்தான் மாட்டேங்குறாருங்க."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணிக்கு ரத்தம் தலைக்கேறியது. பக்கத்தில் நிற்பது யார் என்பதும் மறந்துபோயிற்று.

"புருசன் பேரச் சொல்லக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாடி?"

"எனக்கு எப்புடிங்க தெரியும், கங்காணி? நான் சின்னப்புள்ளதானுங்களே."

ஐயா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கூடைய எறக்கும்மா" என்றார். "ஒங்க மாமனார்கிட்டயே குடுத்துட்டுப் பள்ளிக்கூடம் போ."